ரெண்டரை கிலோவுக்கு ஒரு லிட்டர்: ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுத்து ஏமாந்த கதை

எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். திண்டிவனத்தைச் சுற்றி எந்த வீட்டில் போய்க் கேட்டாலும், ரெண்டரை கிலோ பருப்பை மரச்செக்கில் ஆட்டினால் ஒரு லிட்டர் எண்ணெய் வரும் என்று சொல்வார்கள். பருப்பு கொழுத்ததாக இருந்தால் கொஞ்சம் கூட, சொத்தையாக இருந்தால் கொஞ்சம் குறைய. இந்தக் கணக்கு தெரிந்த நான்தான், இது தெரியாத ஒருவரிடம் 30,500 ரூபாய் கொடுத்து செக்கு வைக்கத் திட்ட அறிக்கை எழுதி வாங்கினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் கடை இன்னும் திறந்திருக்கிறது.

2024 ஜூன். வீட்டுக்குப் பின்னால் அத்தையின் பழைய மாட்டுக்கொட்டகை சும்மா கிடந்தது. ஒரு செக்கு, வடிகட்டிக்கும் டிரம்முக்கும் கொஞ்சம், கொட்டகைக்குச் சிமென்ட் தரை, மும்முனை மின்சாரத்துக்கு டெபாசிட், அறுவடை சமயத்தில் பருப்பு வாங்கிப் போட 2 லட்சம். எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம் என்று பையனின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானே எழுதி வைத்திருந்தேன். பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், கையில் இருந்து 5 சதவீதம் போட்டால் போதும் என்று மகளிர் குழுவில் சொன்னார்கள். அதெல்லாம் உண்மைதான். "ரிப்போர்ட் கேப்பாங்க, அதுக்கு ஒரு ஆள் இருக்காரு" என்றும் சொன்னார்கள். அதை நம்பிப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஆபீஸ். ஏசி, கண்ணாடி மேசை, சுவரில் பெரிய பெரிய ஆட்களோடு எடுத்துக்கொண்ட போட்டோக்கள். என் நோட்டை வாங்கி ஒரு நிமிடம் கூடப் பார்க்கவில்லை. "ஆறரை லட்சத்துக்கெல்லாம் பேங்க்காரன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்க்கா. பன்னெண்டா போடுவோம். மானியமே 4 லட்சத்து 20 ஆயிரம் வரும், உங்க கைக்கு" என்றார். எனக்கு அந்த 4.20 மட்டும்தான் காதில் விழுந்தது.

அந்த "உங்க கைக்கு" என்ற வார்த்தையில்தான் முதல் பொய். மானியம் நம் கைக்கு வராது. வங்கிக்கு வந்து, நம் பெயரில் மூன்று வருடம் வைப்பாகக் கிடக்கும். தொழில் ஓடுகிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். இது எனக்கு நாலு மாதம் கழித்து, வங்கியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

காசு போன வழியைச் சொல்கிறேன். ரிப்போர்ட்டுக்கு 8,000. உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்கு 2,500. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு 3,500. வரப்போகும் மானியத்தில் 5 சதவீதம் அவருக்கு, அதாவது 21,000. அதில் பாதி 10,500 முன்பணம். பிறகு ஒருநாள் போன் செய்து "பேங்க்ல ஃபைல் நகரணும்" என்று 6,000. யாருக்கு என்று கேட்டேன். சிரித்தார்.

இதில் உத்யம் பதிவு இலவசம். அரசுத் தளத்தில் ஆதார் எண்ணைப் போட்டு நாமே செய்துகொள்ளலாம். உணவுப் பதிவில், நம் மாதிரி சின்ன ஆட்களுக்கான அடிப்படைப் பதிவுக்கு அப்போது வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அவர் எனக்கு ஒரு வருடத்துக்குத்தான் எடுத்திருந்தார், அதையும் சில்லறை விற்பனையாளர் என்று. எண்ணெய் ஆட்டி விற்கிறவளுக்குத் தயாரிப்பாளர் என்றல்லவா இருக்க வேண்டும்? சான்றிதழிலேயே அச்சாகி இருந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார், நானும் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன், படித்துப் பார்க்காமலே. பிஎம்இஜிபி விண்ணப்பத்துக்கும் கட்டணம் கிடையாது. திட்டத்துக்கு ஏஜென்ட் யாரும் இல்லை என்றுதான் அதை நடத்தும் கேவிஐசி, அதாவது கதர் கிராமத் தொழில் ஆணையம், சொல்கிறது.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று. எல்லாப் பதிவிலும் என் பெயர், என் ஆதார், ஆனால் போன் நம்பர் அவருடையது. ஓடிபி அவருக்குப் போகும். வங்கியில் இருந்து ஒரு விளக்கம் கேட்டுத் தகவல் வந்ததும் அவருக்குத்தான் போயிருக்கிறது. எனக்குத் தெரியாமலே நாற்பது நாள் ஓடிவிட்டது. இன்றைக்கும் உத்யமில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டும் என்றால் அவர் போனுக்குத்தான் ஓடிபி போகிறது.

அக்டோபரில் நானே நேராக வங்கிக்குப் போனேன். மேலாளர் நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். என் ஃபைலை எடுத்தார். ஸ்பைரல் பைண்டிங், மேலே பளபள அட்டை, 34 பக்கம், முழுக்க இங்கிலீஷ். 17ஆம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு டன் மல்லாட்டைப் பருப்புக்கு எவ்வளவு எண்ணெய் வரும்மா?"

"நானூறு லிட்டர் சார்."

"நிச்சயமா?"

"நல்ல பருப்பா இருந்தா நானூத்தி இருபது. அதுக்கு மேல மரச்செக்குல வராது சார்."

பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி, பென்சிலால் ஒரு கட்டத்தைச் சுற்றினார். அதில் டன்னுக்கு 650 லிட்டர். "நீங்க சொல்றது உண்மையா, உங்க ரிப்போர்ட் சொல்றது உண்மையா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

வருடத்துக்கு 30 டன் ஆட்டுவதாக எழுதியிருந்தது. 650 வைத்து 19,500 லிட்டர். நிஜத்தில் 12,000. இல்லாத 7,500 லிட்டர் எண்ணெயை விற்றுத்தான் என் தவணை கட்டுவதாக அந்த அறிக்கையில் இருந்தது. ஏன் அப்படி என்று மேலாளரே விளக்கினார். வருமானம் தவணையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கிறதா என்று வங்கி பார்க்கும். ஆறரை லட்சத்தைப் பன்னிரண்டாக ஊதினால் தவணையும் ஊதும், அதற்கு ஈடாக எண்ணெயையும் ஊத வேண்டியதாகிவிடுகிறது.

22ஆம் பக்கத்தில் இன்னொரு வட்டம். மூலப்பொருள் கொள்முதல் என்ற இடத்தில் 'மஸ்டர்ட் சீட்' என்று இருந்தது. கடுகு! ராஜஸ்தான் பக்கம் யாரோ கடுகு எண்ணெய் எந்திரத்துக்குப் போட்ட அறிக்கையை எடுத்து, கடுகு என்று வந்த இடத்தில் எல்லாம் கடலை என்று மாற்றியிருக்கிறார், இரண்டு இடத்தில் விட்டுப்போய்விட்டது. மின்கட்டணமும் அந்த ஊர்க் கட்டணம்தான்.

எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. 34 பக்கத்தில் புண்ணாக்கு என்று ஒரு வரி இல்லை. செக்கு வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்போது பருப்பு எங்களுக்குக் கிலோ 110. ஒரு லிட்டருக்கு ரெண்டரை கிலோ, 275 ஆகிவிட்டது. எண்ணெயை 320க்கு விற்றால் மிச்சம் 45. அதில் பாட்டில், கரண்ட், ஆள்கூலி எல்லாம் போக வேண்டும். கையில் நிற்பது புண்ணாக்குக் காசுதான். லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய வரும், மாட்டுக்காரர்கள் கிலோ 45 கொடுத்துக் கொட்டகைக்கே வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். புண்ணாக்கு இல்லாமல் செக்குக் கணக்குப் போட்ட ஆளுக்குச் செக்கு எந்தப் பக்கம் சுற்றும் என்றாவது தெரியுமா?

பருப்பு வாங்கப் பதினைந்து நாளுக்கான முதலீட்டுப் பணம் போதும் என்றும் எழுதியிருந்தார். அறுவடையில் விலை இறங்கும்போது வாங்கிக் காயவைத்து மூட்டை கட்டாவிட்டால், ஐப்பசி மழையில் ஈரப் பருப்பைக் கூடுதல் விலைக்கு வாங்கித் திண்டாட வேண்டியதுதான். அத்தை ஒரு வார்த்தையில் சொன்னதை அவர் 34 பக்கத்தில் எங்குமே சொல்லவில்லை.

கடைசியாக கொட்டேஷன். செக்குக்கும் துணைச் சாமான்களுக்கும் 6.80 லட்சம் என்று ஒரு கம்பெனி லெட்டர்ஹெட்டில் இருந்தது. காங்கேயம் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்கு நானே போன் போட்டேன். அதே கொள்ளளவு, வாகை மர உரல், மோட்டாரோடு 3.10 லட்சம் என்றார்கள். கடன் மட்டும் பாஸாகியிருந்தால் மூன்று லட்சத்துக்கு மேல் அந்தக் கம்பெனி வழியாக எங்கோ போயிருக்கும். தவணை நான் கட்டியிருப்பேன். விண்ணப்பம் திரும்பி வந்ததுதான் எனக்கு நடந்த ஒரே நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு ஐந்து முறை மாடி ஏறினேன். முதல் முறை டீ வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது முறை "மேனேஜர்ட்ட நீங்க ஏன்க்கா வாயத் தொறந்தீங்க? 650ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்று என் மேலேயே பழியைப் போட்டார். ஐந்தாவது முறை கடைப்பையன் மட்டும் இருந்தான். என்னிடம் ரசீது என்று இருப்பது வெள்ளைத்தாளில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று கிறுக்கிய ஒன்று, ஜிபேயில் அனுப்பிய 10,500. மீதி எல்லாம் ரொக்கம். ரொக்கமாகக் கொடுத்தால் 500 குறைப்பதாகச் சொன்னார், அதையும் நம்பினேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். பக்கத்து ஊர்ச் செக்கில் கூலிக்கு ஆட்டி, மாதம் எண்பது தொண்ணூறு லிட்டர் விற்கிறேன். புண்ணாக்கை விட்டுக்கொடுப்பதில்லை, சாக்கில் கட்டி எடுத்து வந்துவிடுவேன். பழைய நோட்டிலேயே எந்த மாதம் என்ன விலைக்குப் பருப்பு, எத்தனை கிலோவுக்கு எத்தனை லிட்டர், யார் யார் கடன் சொன்னார்கள் என்று எழுதி வருகிறேன். அடுத்த முறை வங்கிக்கு அதைத்தான் எடுத்துப் போவேன். அறிக்கையாக எழுதக் கற்றுக்கொள்ள மாவட்டத்துக்கு ஒரு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, வங்கிதான் நடத்துகிறது, பயிற்சிக்குக் காசு இல்லை. கேவிஐசி தளத்தில் மாதிரித் திட்ட அறிக்கைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்தில் போய் நின்றால் படிவத்தை எப்படி நிரப்புவது என்று சொல்கிறார்கள். இவ்வளவும் பஸ் டிக்கெட் செலவில் முடிந்திருக்கும்.

ஆள் பெயரை இங்கே போடவில்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன், பெயரை அங்கே எழுதிக்கொள்கிறேன். 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தும் புகாரைப் பதிந்திருக்கிறேன். நம் வட்டாரத்தில் இதே மாடி ஏறியவர்கள் இருந்தால், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோ வெள்ளைத்தாள் ரசீதோ எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். ரிப்போர்ட் வாங்கியிருந்தால் அதையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தையல் யூனிட்டோ பேப்பர் கப்போ, எங்காவது கடுகு இருந்தால் எனக்கு உள்பெட்டியில் சொல்லுங்கள்.