கடலைப் பார்க்காத பிள்ளைகளுக்குக் கப்பல் படிப்பு: ஹட்டன் விடுமுறை ஓவிய வகுப்பு, அனுப்பலாமா?

விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே போடுவது என்று வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். ஹட்டனில் ஒரு வீட்டு மாடியில் ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு வாரம் நடந்த ஓவிய வகுப்புக்கு என் மகளையும், நோர்வூட் பக்கத் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் மகனையும் அனுப்பினேன். அனுப்பலாம், தாராளமாக அனுப்பலாம். ஆனால் கடைசி நாள் நடந்த ஒன்றில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அதையும் சொல்லத்தான் போகிறேன். டீச்சர் தன் பெயரையும் இடத்தையும் வெளியில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அந்த மாடியில் அதற்கு மேல் பிள்ளைகளை உட்காரவைக்க இடமில்லையாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தனியாகக் கேளுங்கள்.

ஓவிய வகுப்பு என்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, தென்னை மரம். தென்னை மரம் ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. இங்கே ஒரு வாரம் முழுக்க ஒரே ஒரு கப்பல். எச்.எம்.எஸ். சேலஞ்சர் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் இருந்த 17 பீரங்கிகளில் 15ஐக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஆய்வுகூடமும் போத்தல் அடுக்கும் வைத்து, 1872 டிசம்பர் 21ஆம் திகதி போர்ட்ஸ்மவுத்திலிருந்து அனுப்பினார்கள். சண்டைக்கு இல்லை, நாடு பிடிக்கவும் இல்லை, கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க. மூன்றரை வருடம் சுற்றி, ஏறக்குறைய 127,000 கிலோமீற்றர் ஓடி, 1876 மே மாதம்தான் திரும்பியது. அதில் போன விஞ்ஞானிகளின் தலைவர் வைவில் தொம்சன். ஏறக்குறைய 4,700 புது உயிரினங்களைக் கொண்டுவந்தார்கள், அதையெல்லாம் எழுதி முடிக்க 1895 வரை ஆகி, அறிக்கை 50 தொகுதியாக வந்தது. இந்தக் கணக்கெல்லாம் என் மகள் ஒப்பித்து எனக்குத் தெரிந்தது இல்லை, ஆர்வம் வந்து நானே தேடிப் படித்தது. வகுப்பில் இலக்கங்களைப் பெரிதாகப் போட்டு மிரட்டவில்லை.

டீச்சரின் முறை ஒன்றுதான்: காட்டுவதற்கு முன்னால் கேட்பார். ஆழ்கடல் மீனின் படத்தைக் காட்டிவிட்டு "இதைப் பார்த்து வரை" என்று சொல்ல யாராலும் முடியும். இவர் படத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, அந்தக் கப்பலில் போனவர்களுக்கு எவ்வளவு தெரியாதோ அவ்வளவு தெரியாத நிலையில் பிள்ளைகளை உட்காரவைக்கிறார். இந்த வகுப்பை மற்ற வகுப்புகளுக்கு மேலே நான் வைப்பது இதற்காகத்தான்.

முதல் நாள் வேலையைச் சொல்கிறேன், நானும் ஓரமாக நின்று பார்த்தேன். பழைய தேயிலைப் பெட்டி ஒன்று. உள்ளே களிமண்ணால் மேடு பள்ளம் செய்து, மேலே அட்டையால் மூடி, அட்டையில் வரிசையாகத் துளை போட்டிருந்தார். பிள்ளைகள் கையில் ஒரு நூல், நுனியில் இரும்பு நட் கட்டியிருக்கிறது, நூலில் இடைவெளி விட்டு விட்டுக் கலர் கம்பளி முடிச்சு. துளை வழியாக விட வேண்டும், நட் தரையில் தட்டியதும் நூல் தொய்யும், அந்த இடத்தில் விரலை வைத்து முடிச்சை எண்ணிக் கட்டத் தாளில் புள்ளி வைக்க வேண்டும். அண்ணன் மகன் கண்ணை மூடிக்கொண்டு விட்டான், நூல் தொய்வது கையில்தான் தெரியும் அத்தை, கண்ணில் தெரியாது என்றான். எல்லாத் துளையும் முடிந்ததும் புள்ளிகளைச் சேர்த்து "கடல் தரை"யை வரைந்தார்கள், அழகான சமவெளி வந்தது. அப்புறம் அட்டையைத் திறந்தால் இரண்டு துளைக்கு நடுவில் ஊசி மாதிரி ஒரு மலை நிற்கிறது! எந்த நூலும் அதைத் தொடவே இல்லை. "மிஸ், ஏமாத்திட்டீங்க" என்று ஒரே சத்தம். சேலஞ்சர்காரர்கள் உலகம் முழுக்கச் சுற்றி ஆழ்கடலில் கயிறு விட்டது 492 தடவைதான் என்று அப்போதுதான் சொன்னார். அத்தனை பெரிய கடலுக்கு அத்தனை துளை. வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆழத்தைக் கப்பல்காரர்கள் பாகத்தில் அளப்பார்கள், ஒரு பாகம் ஆறு அடி. பிள்ளைகள் இரண்டு கையையும் விரித்து நின்று மாடிப்படி முழுக்க அளந்து பார்த்தார்கள். 1875 மார்ச் 23ஆம் திகதி பசிபிக்கில் மரியானா தீவுகள் பக்கம் 4,475 பாகம் கயிறு இறங்கியது, மீற்றரில் 8,184. டீச்சர் கரும்பலகையில் பிதுருதலாகலையைத் தலைகீழாக வரைந்து, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று போட்டார். நம் நாட்டின் உயரமான மலை 2,524 மீற்றர், மூன்றைப் போட்டும் தரை வரவில்லை, இன்னும் 600 மீற்றர் மிச்சம். மலையில் பிறந்த பிள்ளைக்கு ஆழத்தை இதைவிட நன்றாக எப்படிச் சொல்வது?

அடுத்து இருட்டில் வாழும் பிராணி. 1840களில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி, 300 பாகத்துக்குக் கீழே உயிரே இருக்காது என்று கணித்திருந்தார், பலரும் நம்பினார்கள். அது சரியா பிழையா என்று டீச்சர் சொல்லவில்லை. இருந்தால் எப்படி இருக்கும், வரையுங்கள் என்றார். ஆனால் சும்மா கொம்பும் பல்லும் வைக்க முடியாது, மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: அது எதைச் சாப்பிடும், இருட்டில் எப்படி இரை தேடும், மேலே இருக்கும் தண்ணீரின் பாரத்தில் ஏன் நசுங்கவில்லை. நம் பிள்ளைகள் கடலைப் பார்க்காவிட்டாலும் மழைக்காலத்தில் காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டையைப் பார்த்திருக்கிறார்கள் அல்லவா, பாதிப் பேர் வரைந்தது அட்டையின் சொந்தக்காரர்களைத்தான். அண்ணன் மகனுடைய பிராணிக்குக் கண்ணே இல்லை, உடம்பே வாய், வாலில் மட்டும் லாந்தர் மாதிரி ஒரு வெளிச்சம். எலும்பு இருந்தால்தானே நசுங்கும், இதற்கு எலும்பே இல்லை என்று எழுதியிருந்தான். எல்லோரும் முடித்த பிறகுதான் தூண்டில் மீனின் படம் வெளியே வந்தது. தலையில் ஒரு தண்டு, தண்டு நுனியில் பக்டீரியா தரும் வெளிச்சம். அந்த நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாலில் வைத்ததைத் தலையில் வைத்திருந்தால் சரி, அவ்வளவுதானே என்றான்.

கப்பலில் ஓவியர் எதற்கு என்ற கேள்விக்கும் நல்ல பதில் கொடுத்தார்கள். ஜோன் ஜேம்ஸ் வைல்ட் என்று சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் அதிகாரபூர்வ ஓவியராகப் போனார். கப்பலில் கமெராவும் இருந்தது, ஆனால் அந்தக் காலத்துப் படத்தில் நிறம் வராது. பிடித்த பிராணியை மதுசாரத்தில் போட்டால் உருவம் இருக்கும், நிறம் போய்விடும். ஆகவே உயிரோடு இருக்கும்போதே ஒருவர் உட்கார்ந்து வர்ணத்தைப் பிடிக்க வேண்டும். இதைக் கேட்ட பிறகு என் மகள் வீட்டில் கத்தரிக்காயை அவிப்பதற்கு முன்னும் பின்னும் வரைந்து வைத்திருக்கிறாள், அன்றைக்குச் சாப்பாடு தாமதம்.

அப்புறம் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல். சேலஞ்சர் கொண்டுவந்த ரேடியோலேரியா என்ற ஒற்றைக்கல உயிர்களை ஆராய்ந்து 3,500க்கும் மேற்பட்ட புது இனங்களை விவரித்து 1887இல் வெளியிட்டவர். அவற்றின் கண்ணாடிக் கூடுகளை அவர் வரைந்ததைப் பார்த்தால் மார்கழிக் கோலம்தான் நினைவுக்கு வரும், பிள்ளைகளும் புள்ளி வைத்துத்தான் அதை வரைந்தார்கள். அந்த மனிதர் 1881 கடைசியில் இலங்கைக்கு வந்து வெலிகமையில் தங்கி, பிறகு நுவரெலியாவுக்கும் ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறைக்கும் போயிருக்கிறார். இது வகுப்பில் ஒரே வரியில் போய்விட்டது, எனக்கு ஏமாற்றம். மனித இனங்களை மேல் கீழ் என்று அடுக்கி அவர் எழுதியவை படிக்கவே கூசும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்குப் படத்தை மட்டும் காட்டியது சரி, பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் அதையும் பேச வேண்டும்.

கடித வேலை எனக்குப் பிடித்தது. கப்பலின் உக்கிராணத்தில் உதவியாளாக இருந்த ஜோசப் மெட்கின் என்ற இளைஞன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. விஞ்ஞானிகளுக்கு அது பெரிய பயணம், கயிறு இழுத்தவர்களுக்குச் சலிப்பான வேலை, துறைமுகங்களில் இறங்கி ஓடிப்போனவர்களும் உண்டு. அவனாக உன்னை நினைத்து அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது என்றார் டீச்சர். அம்மா குவைத்தில் இருக்கும் ஒரு பையன்தான் ஆக நீளமாக எழுதினானாம். கப்பலில் ரொபர்ட் என்று ஒரு கிளியும் இருந்தது, "இரண்டாயிரம் பாகம், இன்னும் தரை வரவில்லையா" என்று விஞ்ஞானிகளைப் போலவே கத்துமாம். அந்தக் கிளி இல்லாத கடிதம் ஒன்றுகூட இல்லை.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கடல் கதை கேட்டு வரச் சொன்ன நாளில்தான் நான் டீச்சரைக் கொஞ்சம் குறை சொல்வேன். நம் வீடுகளில் கடல் என்றால் தலைமன்னார். தோட்ட வேலைக்கு வந்தவர்களை இந்தியக் கரையில் தங்கவைத்த மண்டபம் கேம்ப், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்த கதை, நம் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு ராமானுஜம் கப்பலில் ஏறிப் போன சொந்தங்கள். பிள்ளைகள் கொண்டுவந்ததும் அதைத்தான். என் அம்மா தன் அக்காவை வழியனுப்பியதைச் சொல்லச் சொல்ல மகள் கப்பலின் புகைக்கூண்டை எத்தனை தடவை அழித்து அழித்து வரைந்தாள் தெரியுமா. இவ்வளவு விஷயம் வந்து குவிந்தும் அதற்கு ஒதுக்கியது ஒரு மணித்தியாலம். இரண்டு நாளாக இழுத்திருக்கலாம், கிளிக்குக் கொடுத்த நேரத்தில் பாதியாவது கொடுத்திருக்கலாம்.

சேலஞ்சர் இந்தப் பக்கம் வரவே இல்லை, இந்து சமுத்திரத்தின் தென்கோடியோடு போய்விட்டது. கொழும்புக்கு வந்த ஆய்வுக் கப்பல்கள் இருக்கும்போது அவற்றைப் பற்றி ஒரு சொல்லாவது வேண்டாமா? ஜெர்மனியின் வல்டிவியா 1899இல் வந்தது, பிசாசுக் கணவாய் என்ற ஆழ்கடல் பிராணியைப் பிடித்த கப்பல், அதிலும் ஓவியர் இருந்தார். 1933இல் புறப்பட்ட மபாஹிஸ் எகிப்தியக் கப்பல், மாலுமிகளும் எகிப்தியர்கள், சேலஞ்சரில் போன ஜோன் மரே விட்டுச்சென்ற பணத்தில் நடந்த பயணம். கொழும்புத் துறைமுகத்திலிருந்து தொடங்கியிருந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் கிட்டத்தில் வந்திருக்கும். பயிற்சித் தாள்கள் ஆங்கிலத்தில் இருந்ததும் தேவையில்லாத வேலை. தமிழில் இவ்வளவு அழகாகப் பேசுகிற டீச்சர், தாளில் மட்டும் ஏன் இணையத்தில் கிடைத்ததை அப்படியே அச்சடிக்கிறார்?

இனி அந்தக் கோபம். கடைசி நாள் கண்காட்சி. அண்ணன் மகனின் கண்ணில்லாத பிராணிக்கு, உதவிக்கு வந்த பிள்ளை ஒருத்தி முந்தின நாள் மாலை பெரிய கண் இரண்டு, இமை மயிர், சுற்றிவரத் தங்கக் கலர் மினுக்கு எல்லாம் போட்டு "அழகாக்கி" மாட்டியிருக்கிறாள். அவன் அதற்கு முன்னால் நின்று "இது என்னோடது இல்ல அத்தை" என்றான், அதற்குப் பிறகு படத்துக்குப் பக்கத்தில் நிற்கவே மாட்டேன் என்றுவிட்டான். இன்னும் சிலருடைய படங்களும் அப்படித்தான். டீச்சரிடம் போய்க் கேட்டேன். பெற்றோர் வந்து பார்த்தால் படம் "நீட்டாக" இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், போன தடவை அதற்காகவே முறைப்பாடு வந்தது என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை, நம் ஆட்களைத் தெரியாதா. இருந்தாலும் ஒரு வாரம் முழுக்க "நீயாக யோசி" என்று சொல்லிவிட்டுக் கடைசி மாலையில் அதில் கை வைப்பது நியாயமே இல்லை. அடுத்த தடவை யாரும் தொடமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார், பார்ப்போம்.

கட்டணம் ஒரு பிள்ளைக்கு 4,000 ரூபா, தாளும் வர்ணமும் அதற்குள்ளே. டவுனில் இருப்பவர்களுக்குப் பரவாயில்லை, கொழுந்து பறிக்கப் போகும் அம்மா ஒருவருக்கு இது பல நாள் சம்பளம். சில பிள்ளைகளைப் பணம் வாங்காமல் எடுத்தார் என்று கேள்விப்பட்டேன், கேட்டால் கிடைக்கும் என்று நினைக்கிறேன், வெட்கப்படாமல் கேளுங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா என்று ஒரு அப்பா வாசலில் கேட்டுக்கொண்டிருந்தார். உதவாது சார். டியூஷனுக்கே அனுப்புங்கள், இடத்தை வேறு பிள்ளைக்கு விடுங்கள்.

மாடியில் குளிர் அதிகம், ஸ்வெட்டர் இல்லாமல் அனுப்ப வேண்டாம். வகுப்பு முடிந்து பொகவந்தலாவைப் பக்கம் போகிற பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கிறது, நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளச் சொல்லியிருக்கிறோம். டிசம்பரில் கப்டன் குக்கின் எண்டேவர் கப்பல் பயணமாம், 1768 முதல் 1771 வரை போனது. அதில் ஓவியர் சிட்னி பார்க்கின்சனைப் பற்றி எப்படியும் சொல்லுவார்கள். டஹீட்டியிலிருந்து கப்பலில் ஏறி, தீவுகளின் வரைபடத்தையும் படங்களையும் வரைந்து கொடுத்த துபாயாவையும் சேர்க்கச் சொல்லி இப்போதே டீச்சருக்கு எழுதிவிட்டேன். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் நவம்பருக்குள் கொடுத்துவிடுங்கள், போன தடவை பிந்திப் போன இரண்டு பேருக்கு இடம் கிடைக்கவில்லை.