கிருஷ்ணகிரி பக்கம் வாங்குன டிஜிட்டல் லாக்கர், 8 மாச அனுபவம்

மொதல்லயே சொல்லிடுறேன், கம்பெனி பேரு போடல. கடைசியில வாங்கலாமா வேணாமான்னு சொல்றேன், அதுக்குள்ள எங்க வீட்டு கதைய கொஞ்சம் கேட்டுருங்க, ஏன்னா கதை இல்லாம நம்பர் போட்டு தொறக்குற இந்த இரும்புப் பெட்டிய நாங்க வாங்கியே இருக்க மாட்டோம்.

எங்க வீடு காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு கிராமம். மாந்தோப்பு இருக்கு, பெங்களூரா தான் நெறைய. சீசன் முடிஞ்சு வியாபாரி பணத்த மூணு நாலு தவணையா கையில குடுப்பாரு, அது உடனே பேங்க்குக்கு போகாது, உழவு கூலி, மருந்து கடை பாக்கினு வீட்லயே ஒரு மாசம் கெடக்கும். போன ஆடி 18க்கு பாதி ஊரு டேமுக்கும் ஒகேனக்கலுக்கும் போயிருந்த நேரத்துல, அடுத்த தெரு பெரியம்மா வீட்ல பின்கதவு தாழ்ப்பாள பேத்துட்டு உள்ள பூந்துட்டானுங்க. 7 பவுன் போச்சு. பீரோவ ஒடைக்கவே இல்ல, சாவி எங்க இருக்கும்னு அவனுக்கு தெரியாதா, மடிச்சு வெச்ச பட்டுப்பொடவைக்கு அடியில தான. அரிசி டிரம்ம கவுத்து ஹால் பூரா கொட்டியிருந்தான், ராகி டின்னும் அப்படியே. சாமி ரூம் உண்டியல், மெத்தைக்கு அடி, மாட்டியிருக்கிற போட்டோவுக்கு பின்னாடி, பருப்பு டப்பா, நாம எதெல்லாம் யாருக்கும் தெரியாத எடம்னு நெனைக்கிறமோ எல்லாத்தயும் வரிசையா பாத்துட்டு போயிருக்கான்.

ஒண்ண மட்டும் தொடல. கரிப்புடி துணி, பழைய வேட்டினு திண்ணை ஓரமா கெடந்த கந்தல் மூட்டை. அவ்ளோதான், எங்கம்மா "பாத்தியாடா, கந்தல கண்டா எவனும் தொடமாட்டான்"னு அன்னைக்கே எங்க வீட்டு தோப்பு பணம் மொத்தத்தயும் கந்தல் மூட்டைக்குள்ள மாத்திட்டாங்க, எனக்கும் சொல்லல அப்பாவுக்கும் சொல்லல. பத்து நாள் கழிச்சு பழைய துணிக்கு பிளாஸ்டிக் பாத்திரம் குடுக்குற வண்டிக்காரர் வந்தாரு. அப்பா அந்த மூட்டைய தூக்கி வண்டியில போட்டு, ஒரு பக்கெட்டுக்கு ரெண்டு பக்கெட் குடுய்யானு பேரம் வேற பேசிக்கிட்டு இருக்காரு. அம்மா மாட்டுக்கொட்டாய்ல இருந்து போட்ட சத்தம் இன்னும் என் காதுலயே இருக்கு. நல்லவேளை வண்டி நகரல.

எங்க ஆயா கதை இன்னும் மோசம். 2016 நவம்பர் 8ஆம் தேதி 500, 1000 செல்லாதுனு சொன்னப்ப "எங்கிட்ட ஏதுடா பணம்"னு சொல்லிடுச்சு, டிசம்பர் 30 வரைக்கும் பேங்க்ல கட்ட டைம் இருந்துச்சு, வாயே தொறக்கல. அது போய் சேந்து பரண சுத்தம் பண்ணப்ப ஒரு மண்கலயத்துல சுருக்குப்பைக்குள்ள 9 ஆயிரம் ரூபா நோட்டு. அழுவுறதா சிரிக்கிறதானு தெரியல. திருடன் எடுத்தத விட நாமளே தொலைச்சது தான் எங்க வீட்ல அதிகம்.

சரி, அதான் லாக்கர். டவுன்ல ரவுண்டானா பக்கம் ஒரு கடையில பாத்துட்டு, ஆன்லைன்ல 1,800 கம்மியா இருந்ததால அங்க போட்டேன். 30 லிட்டர் மாடல், வெறும் பெட்டியே 11 கிலோ சொச்சம், A4 பைல் படுக்க வெச்சா உள்ள போவுது, நகை டப்பா நாலு, பட்டா பத்திரம், ஆர்சி புக், பணம் எல்லாத்துக்கும் எடம் இருக்கு.

டெலிவரி தான் எனக்கு கோவம் வந்த மொத விஷயம். அட்டப்பெட்டி மேல இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ரெண்டு பக்கமும் லாக்கர் படம், கலர்ல, பெருசா. அத தோள்ல வெச்சுக்கிட்டு அந்த தம்பி தெரு முனையில இருந்தே "அண்ணா உங்க லாக்கர் வந்துருக்கு, ஓடிபி சொல்லுங்க"னு கத்துறான். டீக்கடையில இருந்த அத்தன பேரும் திரும்பி பாத்தாங்க. சாயந்தரம் மூணு பேரு "என்னப்பா தோப்பு நல்ல வெலைக்கு போச்சு போல"னு கேட்டாங்க. ஏங்க கம்பெனிக்காரங்களே, ஒரு வெறும் அட்டையில போட்டு அனுப்ப என்ன கேடு உங்களுக்கு? ஆன்லைன்ல வாங்குறவங்க, முடிஞ்சா வேற ஊர்ல சொந்தக்காரங்க வீட்டுக்கு வரவெச்சு கோணிப்பையில சுத்தி எடுத்துட்டு வாங்க. அட்டைய வாசல்ல போடாதீங்க, நாங்க வெந்நி அடுப்புல எரிச்சோம்.

ரெண்டாவது பிட்டிங். ப்ரீ இன்ஸ்டலேஷன்னு போட்டிருந்தான். வந்தவரு ஒரு சின்ன ட்ரில்லும் நாலு பிளாஸ்டிக் பிளக்கும் தான் கொண்டாந்தாரு. எங்களது பழைய வீடு, கருங்கல்லும் மண்ணும் வெச்சு கட்டுன செவுரு, கல்லுல பட்டா பிட்டு ஒடையுது, மண்ணுல பட்டா பொடியா கொட்டுது. ரெண்டு ஓட்டை போட்டுட்டு "இந்த செவுருக்கு ஆவாதுங்க, சும்மா பீரோக்குள்ள வெச்சுக்கங்க"னு சொல்லிட்டு ஓடிபி வாங்கிட்டு போயிட்டாரு. சும்மா வெக்கிறதுக்கு எதுக்குங்க லாக்கர், 11 கிலோ ஒரு அரிசி சிப்பம் கூட இல்ல, திருடன் அப்படியே தூக்கிட்டு போய் தோப்புல ஒக்காந்து நிதானமா ஒடைப்பான். சேத்து வெச்சு குடுத்த மாதிரி ஆயிடும்.

அப்பறம் எங்க ஊரு வெல்டிங் பட்டறை அண்ணன் தான் வந்து பாத்துட்டு, புதுசா எடுத்த ரூம்ல கான்கிரீட் தரை இருக்குல்ல, அங்க போடலாம்னு சொல்லி, டைல்ஸ் ஒடையாம மெதுவா ஓட்டை போட்டு 10 எம்எம் ஆங்கர் போல்ட் அடியில ரெண்டு, செங்கல் செவுத்துல பின்னாடி ரெண்டு இறுக்குனாரு. நட்டு உள்பக்கம் வர்றதால கதவ தொறக்காம கழட்ட முடியாது. 600 ரூபா வாங்குனாரு, அந்த 600 தான் இந்த மொத்த செலவுலயே உருப்படியான செலவு.

இறுக்குறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு செஞ்சு பாத்தேன். இந்த வெலையில வர்ற பெட்டிங்கள்ல பூட்டு உள்ள சொலினாய்டுனு ஒரு மின்காந்த சுருள் இருக்கு, அதோட சின்ன கம்பி ஸ்பிரிங்ல நிக்கிது, அதிர்ச்சி குடுத்தா அது குதிக்குமாம். பெட்டிய மூடிட்டு மேல ஓங்கி குத்திக்கிட்டே குமிழ திருப்புனேன், மூணாவது குத்துல தொறந்துடுச்சு, நம்பரே போடாம! வயித்த கலக்கிடுச்சு. தரையோட செவுத்தோட இறுக்குனப்பறம் இருபது தடவ குத்தியும் தொறக்கல, கை தான் வீங்குச்சு. இருந்தாலும் அந்த பயம் மனசுல ஒட்டிக்கிச்சு. கொஞ்சம் கூட போட்டா மோட்டார் பூட்டு உள்ளது கெடைக்குது, அத வாங்கியிருக்கணும்.

மத்தபடி தெனமும் பொழங்க நல்லாத்தான் இருக்கு. நாலு பென்சில் பேட்டரி, இதுவரைக்கும் ஒரு தடவ தான் மாத்துனேன். கம்பெனிலருந்து வர்ற நம்பர் எல்லா பெட்டிக்கும் ஒண்ணு தான், வந்த அன்னைக்கே மாத்திடுங்க, கதவுக்கு உள்பக்கம் ஒரு செவப்பு பட்டன் இருக்கும் அத அமுக்கிட்டு புது நம்பர் போடணும். பொறந்த தேதியோ வண்டி நம்பரோ வேணாம். பட்டன் போடும்போது பீப் பீப்னு வர்ற சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குது, அத நிறுத்த வழியே இல்ல. தீப்புடிச்சா தாங்காது, உள்ள வெறும் இரும்பு தகடு தான், பத்திரத்துக்கெல்லாம் ஜெராக்ஸ் வேற எடத்துல வெச்சிருக்கோம். மழைக்காலத்துல உள்ள ஈரம் கோக்குது, ஷூ டப்பாவுல வர்ற அந்த சிலிக்கா பொட்டலம் நாலு போட்டுட்டேன்.

எமர்ஜென்சி சாவி ரெண்டு குடுக்குறான், பேட்டரி செத்தா அதுல தான் தொறக்கணும். எங்கம்மா அத பத்தரமா இருக்கட்டும்னு லாக்கருக்குள்ளயே வெச்சு பூட்டிட்டாங்க. ரெண்டையுமே. பேட்டரி பலமா இருந்ததால தப்பிச்சோம். இப்ப ஒண்ணு தருமபுரியில தங்கச்சி வீட்ல இருக்கு.

பேங்க் லாக்கர் இருக்கே இது எதுக்குனு மச்சான் கேட்டாரு. அங்கயும் வெச்சிருக்கோம், கல்யாண நகையெல்லாம் அங்க தான். ஆனா பணம் வெக்க கூடாது, அது ரூலு. இன்னொண்ணு, 2022லருந்து திருட்டு, தீ மாதிரி ஏதாச்சும் பேங்க் தப்பால ஆச்சுனா வருஷ வாடகையில நூறு மடங்கு வரைக்கும் தான் அவங்க பொறுப்பு. வாடகை 2,000னா 2 லட்சம். இன்னைக்கு பவுன் விக்கிற வெலைக்கு அது எத்தன பவுனுக்கு வரும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. அதுக்காக எல்லாத்தயும் வீட்டுக்கு தூக்கிட்டு வராதீங்க, பிரிச்சு வெக்கிறது தான் புத்தி. நகைய எல்லாம் பில்லோட ஒரு போட்டோ எடுத்து வெச்சிடுங்க, பெரியம்மா ஸ்டேஷன்ல அடையாளம் சொல்ல முடியாம பட்ட பாட்ட நேர்ல பாத்தேன். ஊருக்கு போனா ஸ்டேஷன்ல சொல்லிட்டு போனா ரோந்துல ஒரு பார்வ பாத்துக்குவாங்க, நாங்க பொங்கலுக்கு சொல்லிட்டு தான் போனோம்.

மார்க்குனு கேட்டா பெட்டிக்கு அஞ்சுக்கு மூணு, டெலிவரிக்கும் பிட்டிங்குக்கும் முட்டை. கான்கிரீட் தரையோ நல்ல செங்கல் செவுரோ இருந்து, இறுக்கிக்குடுக்க தெரிஞ்ச ஆள் இருந்தா வாங்குங்க. வாடகை வீட்ல இருக்கறவங்க ஓனர்கிட்ட ஓட்டை போட கேட்டுட்டு அப்பறம் ஆர்டர் போடுங்க. தங்கச்சிக்கு அடுத்த மாசம் ஒண்ணு எடுக்கப்போறோம், மோட்டார் மாடல், தருமபுரி கடையிலயே, ராத்திரி கார்ல வெச்சு கொண்டுபோற மாதிரி.

அம்மா? தோப்பு பணம் லாக்கருக்கு வந்துடுச்சு. பால் காசு மட்டும் இன்னும் வரல, எங்கனு கேட்டா "ஒன் பொட்டிய நீயே மூணு குத்துல தொறந்தியே"ங்கறாங்க.