தீனித் தட்டா, தண்ணீர்ச் சட்டியா, ஆந்தைப் பெட்டியா?

கறிவேப்பிலைக் கன்றின் இலைமேல் குருவி எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பல நேரம் அது எச்சமே இல்லை, வண்ணத்துப்பூச்சியின் புழு. குட்டியாக இருக்கும்போது கறுப்பும் வெள்ளையுமாக எச்ச வேஷம் போட்டுக்கொண்டு கிடக்கும். பெருத்ததும் பச்சைக்கு மாறிக் கன்றையே மொட்டையடித்துவிடும். மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இதுதான் தீராத தொல்லை. பறிக்கிற இலை நேரே ரசத்துக்குப் போகிறது, அதில் எப்படி மருந்தடிப்பது? சரி, பறவைகளை வரவழைத்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

முதலில், எல்லாரும் செய்வது போலத் தட்டு ஒன்றைக் கட்டி அரிசி போட்டேன். இரண்டாம் நாளே புறா, சிட்டுக்குருவி, மைனா என்று ஒரே கூட்டம். ஆனால் இரண்டடி தள்ளி வெண்டைச் செடியில் ஊர்ந்த புழுவை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் சோறு கிடைத்தால் யார் வேட்டைக்குப் போவார்கள்? இரவில் சிந்திய அரிசிக்கு எலியும் வந்து சேர்ந்தது. அரிசிக்குப் பதில் பப்பாளித் துண்டு வைத்தால் கொண்டைக்குருவி வரும், இங்கே மெர்பா என்பார்களே, அதுதான். குஞ்சுக்குப் பூச்சி பிடித்துக் கொடுக்கும், நல்ல பறவைதான். ஆனால் பழுத்த மிளகாயையும் விட்டுவைக்காது.

நாட்டுக்கோழியை அவிழ்த்துவிடச் சொல்பவர்களும் உண்டு. புழுவைத் தின்னும், கூடவே நேற்று முளைத்த சாவிக் கீரையையும் கிளறிப் போட்டுவிடும்.

அப்புறம் தண்ணீருக்கு வந்தேன். அகலமான மண்தட்டு, இரண்டு விரல் ஆழம், நடுவில் நின்று குளிக்க ஒரு கல். பூனை பதுங்க இடமில்லாமல், ஆனால் பறந்து ஒளிய வேலி எட்டும் தூரத்தில் வைத்தேன். செம்பருத்தி வேலியைக் கத்தரிப்பதையும் நிறுத்தினேன். கூட்டம் வரவில்லை, ஆனால் வரவேண்டியவை வந்தன. குண்டுகரிச்சான் விடியும் முன்பே பாட ஆரம்பித்துவிடும். வாலைத் தூக்கித் தரையில் தத்தித் தத்திப் போய், காய்ந்த இலைக்கடியில் இருக்கும் வண்டையும் புழுவையும் கொத்தி எடுக்கும். அதைவிட எனக்கு உதவியது தையல்சிட்டு. கட்டைவிரல் அளவு உடம்புதான். இலை இலையாகப் புரட்டிச் சின்னப் புழுக்களைப் பொறுக்கித் தின்கிறது. அந்த எச்ச வேஷம் இதனிடம் அவ்வளவாகச் செல்லவில்லை.

தண்ணீரில் ஒரே சிக்கல் கொசு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்து கொசுப் புழுவைக் கண்டால் அபராதம்தான். தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவினால் பயமில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்குச் சோம்பல் படுபவர்கள் இந்த வழிக்கு வரவே வேண்டாம்.

ஆந்தைப் பெட்டி வேறு கணக்கு. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் நிற்கும் மரப்பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து, பத்து எக்டருக்கு ஒன்று என்று, எலி பிடிக்கும் ஆந்தை வந்து தங்குவதற்காக வைப்பது. அந்த ஆந்தைக்குக் கிட்டத்தட்ட எலிதான் முழுச் சாப்பாடு, கறிவேப்பிலைப் புழுவை அது சீண்டாது. நம் வீடு தோட்டத்தை ஒட்டி இருந்தால் மட்டும் யோசிக்கலாம், அதுவும் எலி விஷம் வைக்காமல் இருந்தால். விஷம் தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் சாகும். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேச்சுக்குச் சொன்னேன். "ஆந்தைக்கு வீடு கட்டினா நம்ம வீடு விளங்குமா தம்பி?" என்றார். அலறல் சத்தத்துக்கு அவர் பயப்படுகிறார். நான் பெட்டி வைக்காததற்குக் காரணம் இடம்தான்.

ஆக, காய்கறிக்கும் கறிவேப்பிலைக்கும் என் ஓட்டு தண்ணீருக்கும் வேலிக்கும். அதற்காக எல்லாவற்றையும் பறவை தலையில் கட்ட முடியாது. மிளகாயில் வரும் மாவுப்பூச்சிக்கு இன்னும் சோப்புத் தண்ணீர்தான் அடிக்கிறேன். கொய்யாவில் பழ ஈ விழாமல் இருக்க, எங்கள் ஊர்க் கொய்யாத் தோட்டக்காரர்கள் செய்வது போலப் பிஞ்சிலேயே பை கட்டிவிடுகிறேன்.

போன வாரம் செம்பருத்தியின் இரண்டு இலைகளைச் சிலந்தி நூலால் சேர்த்துத் தைத்து, உள்ளே கூடு கட்டியிருக்கிறது தையல்சிட்டு. வேலி காடாகிவிட்டது, வெட்டுங்கள் என்று வீட்டில் தினமும் நச்சரிப்பு. குஞ்சு பறக்கட்டும் என்று தவணை கேட்டிருக்கிறேன்.