குயின் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்: ஒற்றைத் தட்டா, இரட்டைத் தட்டா, சிடியா?

ஒரே தொகுப்பை மூன்று தடவை காசு கொடுத்து வாங்கியவன் நான். பிரிட்டிஷ் ராக் இசைக்குழு குயினின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. 1981 அக்டோபர் கடைசியில் வந்தது. பிரிட்டனில் இதுவரை அதிகம் விற்ற ஆல்பம் இதுதான். 2022இல் 70 லட்சத்தைத் தாண்டியது, ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்த கணக்கு அது. பீட்டில்ஸ் ஆல்பம் எதுவும் இதை எட்டவில்லை. இரண்டாம் இடத்தில் இருப்பதும் இன்னொரு தொகுப்புதான், 'அபா கோல்ட்'.

பாட்டு எப்படி என்று பேசப் போவதில்லை. 17 பாட்டும் ஊருக்கே தெரிந்தவை. வாங்குகிறவருக்கு இருக்கும் கேள்வி, எந்த வடிவில் வாங்குவது என்பதுதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரெக்கார்டு பிளேயர் இருந்தால் 2016இல் வந்த இரட்டை வினைல் தட்டு. இல்லை என்றால் சிடி. பழைய ஒற்றைத் தட்டை, அட்டைக்காக வேண்டுமானால் வாங்கலாம்.

நான் ஆரம்பித்தது அந்தப் பழைய தட்டில்தான். கிழக்கு லண்டனில் வீட்டுக்குப் பக்கத்தில், தானமாக வந்த பழைய பொருள்களை விற்கும் சாரிட்டி ஷாப்பில், பழைய கிறிஸ்துமஸ் பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே இருந்தது. நான்கு பேரும் நிற்கும் லார்டு ஸ்னோடன் எடுத்த படம், மூலையில் யாரோ பால்பாயின்ட் பேனாவில் எழுதி வைத்த பெயர். தட்டில் பெரிய கீறல் எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து துடைத்து வைத்தேன். 'போஹீமியன் ராப்சடி' முதல் பாட்டு. வாத்தியம் சேரும் முன் வெறும் குரல்கள் மட்டும் வரும் அந்த ஆரம்பத்தில், குரலுக்குச் சமமாகப் பொரிகிற சத்தமும் வந்தது. சரி, பழைய தட்டு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். இரண்டாம் பக்கக் கடைசியில் 'வி ஆர் தி சாம்பியன்ஸ்' வந்தபோதுதான் சங்கதி புரிந்தது. 'சாம்பியன்ஸ்' என்ற சொல் முடிகிற அந்த 'ஸ்', பொரித்த அப்பளத்தைக் கைக்குள் வைத்து நொறுக்கியது போலக் கேட்டது. ஒவ்வொரு தடவையும். அந்தப் பாட்டில் அந்தச் சொல் எத்தனை தடவை வரும் என்று உங்களுக்கே தெரியும்.

ஊசியை மாற்றினேன். ஊசி தட்டை அழுத்தும் எடையைச் சரிபார்த்தேன். தட்டை மறுபடி கழுவினேன். அப்பளம் போகவில்லை.

கோளாறு என் ஊசியில் மட்டும் இல்லை, கணக்கிலேயே இருக்கிறது. 17 பாட்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 58 நிமிடம். அதை ஒரே தட்டில் அடைத்தால் பக்கத்துக்கு 29 நிமிடம். தட்டில் பாட்டைப் பள்ளமான வரியாக வெட்டுகிறார்கள், ஊசி ஓடுவது அதில்தான். 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு 20, 22 நிமிடம் வரை வசதியாக வெட்டலாம் என்பார்கள். ஒரு நிமிடத்துக்கு 33⅓ சுற்று, 29 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 970 சுற்று. வெளி ஓரத்திலிருந்து லேபிள் வரை பாட்டுக்குக் கிடைக்கும் அகலம் எட்டரை சென்டிமீட்டர் சொச்சம். வகுத்துப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டருக்குள் 11 வரி. நெருக்கி எழுதிய இன்லேண்ட் லெட்டர் மாதிரி.

இந்த நெருக்கத்தால் இரண்டு விஷயம் நடக்கிறது. முதலாவது, அடித்தள ஒலி. பேஸ் கிட்டாரின் ஆழமான நாதம் வந்தால் வரி பக்கவாட்டில் அகலமாக வளையும். 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்'டில் ஜான் டீக்கன் வாசிக்கும் அந்த பேஸை நினைத்துக்கொள்ளுங்கள். 'வி வில் ராக் யூ'வில் தரையை மிதிக்கிற சத்தத்தையும். பக்கத்து வரி ஒட்டி இருந்தால் வளைய இடம் ஏது? அதனால் வெட்டுகிற பொறியாளர் மொத்த ஒலியளவையும் குறைத்துத்தான் வெட்ட முடியும். நாம் வீட்டில் வால்யூமைத் திருகி ஈடுகட்டுகிறோம். அப்போது பாட்டோடு தூசியின் பொரிச்சலும் சேர்ந்து ஏறுகிறது. ராப்சடியின் ஆரம்பத்தில் நான் கேட்டது பாதி அதுதான்.

இரண்டாவது, வேகம். தட்டு ஒரே சீராகத்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி ஓரத்தில் ஊசியின் கீழே நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் வரி ஓடுகிறது. லேபிளை ஒட்டி வரும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே ஒரு நொடிப் பாட்டைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் எழுத வேண்டும். 'ஸ்', 'ஷ்', சிம்பல் போன்ற கூரான ஒலிகள்தான் முதலில் சிதையும். பக்கம் நீளமாக இருக்க இருக்க லேபிளுக்கு அவ்வளவு நெருங்கித்தான் ஆக வேண்டும். இந்தத் தொகுப்பில் அந்த இக்கட்டான இடத்தில் உட்கார்ந்திருப்பது எது? ஒரு பக்கம் 'டோன்ட் ஸ்டாப் மீ நவ்', 'சேவ் மீ'. மறுபக்கம் 'வி வில் ராக் யூ', 'வி ஆர் தி சாம்பியன்ஸ்'. அமைதியான பாட்டைக் கடைசியில் வைப்பது தட்டு வெட்டுகிறவர்களுக்குப் பிடித்த தந்திரம். மைதானமே எழுந்து பாடும் பாட்டைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறார்கள். வேறு எங்கே வைப்பது என்று கேட்டால் எனக்கும் தெரியாது. அந்த இரண்டுக்கும் பிறகு எதைப் போட்டாலும் எடுபடாது.

பழைய தட்டு என்றால் இன்னொன்றும் உண்டு. தேய்ந்த ஊசியால் விருந்து விருந்தாக ஓடிய தட்டில் முதலில் கெடுவது இந்த உள்வரிகள்தான். வாங்கும் முன் விளக்குக்குக் கீழே சாய்த்து, லேபிளை ஒட்டிய இரண்டு விரற்கடையை மட்டும் பாருங்கள். அங்கே கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

இனி இரட்டைத் தட்டு. 2016இல் இதே 17 பாட்டை நான்கு பக்கமாகப் பிரித்துப் போட்டார்கள். சராசரியாகப் பக்கத்துக்கு 15 நிமிடத்துக்கும் குறைவு. மில்லிமீட்டருக்கு 11 வரி இருந்த இடத்தில் அதில் பாதி போதும். லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் மைல்ஸ் ஷோவெல் பாதி வேக முறையில் வெட்டியது. அதாவது, மூலத்தட்டு வெட்டும் இயந்திரமும் பாட்டும் இரண்டுமே பாதி வேகத்தில் ஓடும். வெட்டும் முனைக்கு அந்த 'ஸ்' இரண்டு மடங்கு நிதானமாக வந்து சேரும், சிதறாமல் செதுக்க அவகாசம் கிடைக்கும். முன்னேற்றத்தில் எவ்வளவு பாதி வேகத்தால், எவ்வளவு வெறும் இடவசதியால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெரும்பங்கு இடவசதிதான் என்பது என் ஊகம். நான் கேட்பதும் நடுத்தர விலை பிளேயர் ஒன்றில்தான். விலை உயர்ந்த ஊசி இருந்தால் ஒற்றைத் தட்டே நான் கேட்டதைவிட நன்றாகப் பாடலாம்.

ஆனால் என் வீட்டில் வித்தியாசம் சந்தேகத்துக்கு இடமில்லாதது. வால்யூம் குமிழ் பழைய இடத்துக்குப் போக வேண்டியதே இல்லை. ராப்சடியின் ஆரம்பக் குரல்களுக்குப் பின்னால் அமைதி இருந்தது. 'கில்லர் குயின்' பாட்டில் விரல் சொடுக்கு தனியாக, கைக்கெட்டும் தூரத்தில் கேட்டது. கடைசியில் 'சாம்பியன்ஸ்', 'சாம்பியன்ஸ்' ஆகவே கேட்டது.

தொந்தரவு இல்லாமல் இல்லை. சோபாவில் சாய்ந்து ஒரு காபி குடிப்பதற்குள் பக்கம் முடிந்துவிடும். "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போறீங்க. இதுக்கு அந்த சிடியே தேவலையே" என்று என் மனைவி சொன்னதில் நியாயம் இருக்கிறது. விலையும் உண்டு: பழைய தட்டுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு ஆனது.

சிடி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அது நல்லது என்பதால்தான். 58 நிமிடம் சிடிக்கு ஒரு பாரமே இல்லை. உள்வரி, வெளிவரி என்ற பேதமும் அதற்குக் கிடையாது. பாப் லட்விக் மெருகேற்றிய 2011 பதிப்பு என்னிடம் இருக்கிறது, காரில் அதுதான். குயினின் மூன்று 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்புகளையும் சேர்த்த 'பிளாட்டினம் கலெக்‌ஷன்' பழையதாகக் கிடைத்தால் அது இன்னும் லாபம். மூன்றாவது சிடியை நான் அதிகம் தொடுவதில்லை. தனியாகவும் பிறரோடு சேர்ந்தும் பாடியவை கலந்தது. இரண்டாவதுதான் காரணம். 'அண்டர் பிரஷர்' அதில்தான் வருகிறது. முதல் தொகுப்பு வந்த அதே அக்டோபரில் வெளியான பாட்டு, பிரிட்டிஷ் பதிப்பில் இல்லை, அமெரிக்கப் பதிப்பில் இருந்தது. வெளிநாட்டுப் பிரதி வாங்குகிறவர்கள் பின்னட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். இன்னொரு வேடிக்கை: முதல் தொகுப்பின் 17 பாட்டில் டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதியது ஒன்றுகூட இல்லை. அவருடைய 'ரேடியோ கா கா' 1984இல்தான் வந்தது, அதற்கும் இரண்டாவது தொகுப்புக்குத்தான் போக வேண்டும்.

மறுவிற்பனை பற்றியும் கேட்பார்கள். இரட்டைத் தட்டை நான் விற்க முயன்றதில்லை. ஒற்றைத் தட்டை ஒரு பழைய ரெக்கார்டு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் அட்டையைக்கூடத் திறக்கவில்லை. 'Q' பெட்டியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதே நான்கு முகங்கள், வரிசையாக ஆறு பிரதி. மறுவாரம் அதை வாங்கிய சாரிட்டி ஷாப்பிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன், பேனாவில் எழுதிய பெயரோடு.