கல்வரம்பா, சீமைக்கிளுவை வேலியா? சரிவுக் காணிக்கு எது தோது

மட்டக்களப்பின் குடும்பிமலைப் பக்கம் சரிவில் சேனை (காடு வெட்டிச் செய்யும் மேட்டுப் பயிர்) செய்கிறவர்களுக்கு ஒரே கவலைதான்: மாரி மழையில் மண்ணை எப்படிப் பிடித்து வைப்பது? சரிவுக்குக் குறுக்கே கல்லை அடுக்கி வரம்பு போடுவதா, சீமைக்கிளுவை மரத்தை நெருக்கி நட்டு வேலியாக்குவதா? அலவாங்கைக் குத்தினால் ஒரு சாண் இறங்குமுன் பாறை முட்டும். 25 சென்ரிமீற்றருக்குள் பாறை வந்துவிடும் மண்ணை லெப்டோசோல் என்று மண்ணியலில் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். உயர்ந்த மலைச் சரிவுகள்தான் அதற்குப் பேர்போன இடம். நக்கிள்ஸ் மலைத்தொடரில் பிட்டவல பத்தனைக்குப் போனவர்கள் கண்டிருப்பீர்கள், பாறை மேல் மெல்லிய மண், அதில் வெறும் புல். நம் சரிவுகள் அந்த உயரத்துக்குக் கிட்டவும் வராது. ஆனால் மண் போனால் நம் ஆயுளில் திரும்பி வராது என்பது இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான்.

என் காணியில் கல்வரம்புதான் போட்டேன். அதன் பக்கம்தான் பேசப் போகிறேன்.

இரண்டையும் சமஉயரக் கோட்டில்தான், அதாவது சரிவில் ஒரே உயரமுள்ள இடங்களைத் தொட்டுப் போகும் கோட்டில்தான், போட வேண்டும். மூன்று தடியை ஆங்கில A எழுத்து மாதிரிக் கட்டி, உச்சியிலிருந்து நூலில் கல்லைத் தொங்கவிட்டால் மட்டம் பிடித்துவிடலாம். செலவில்லை.

சீமைக்கிளுவையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிலிப்பைன்ஸின் மிந்தனாவோவில் 1970களில் வளர்த்தெடுத்த முறை இது: சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக மர வரிசை, இடையில் பயிர். இலையில் தழைச்சத்து நிறைய, வெட்டிப் போட்டால் பசளை, மிஞ்சினால் ஆட்டுக்குத் தீனி. மண் ஆழமாக உள்ள காணி என்றால் அதைத்தான் நடச் சொல்வேன். மெல்லிய மண்ணில் வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடி, சோளனுக்கு உள்ள ஈரத்தையும் பங்கு கேட்கும். புதிதாக நட்ட தடிகளைக் கச்சான் காற்று காய்ச்சிவிடும்.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான், அதிலும் எந்த மாதத்தில் வேலை வருகிறது என்பது. ஐப்பசி மழையோடு சோளன் முளைக்கும்போது கிளுவையும் தளதளவென்று எழும்பும். முழங்கால் உயரத்துக்கு வெட்டிக்கொண்டே இருக்காவிட்டால் பயிர் நிழலில் வெளிறும். அதே கார்த்திகை, மார்கழியில்தான் வயலில் களை, பசளை, தண்ணீர் என்று வேளாண்மை வேலை தலைக்கு மேல் நிற்கும். கூலிக்கும் ஆள் கிடைக்காது. ஒரு தரம் வெட்டத் தவறினால் அந்தப் போகத்து விளைச்சலிலேயே தெரிந்துவிடும்.

கல்வரம்பு ஆளுக்காகக் காத்திருக்கும். மாரியில் நாலு இடம் சரிந்தாலும் அறுவடை முடிந்து, சூடடித்து, ஆறுதலாக வந்து அடுக்கலாம். யானை நடந்து தட்டிவிட்டாலும் கல் அங்கேயேதான் கிடக்கும்.

போடுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பாறை தெரியும் மட்டும் சிறு கான் வெட்டி, பெருங்கல்லை அடியில் வைத்து, மேட்டுப்பக்கம் சற்றுச் சாய்த்து அடுக்க வேண்டும். மேட்டுப்பக்க இடுக்குகளில் பொடிக்கல் போட்டால் தண்ணீர் கசிந்து போகும், மண் தங்கும். மண்வரம்பு மாதிரி தண்ணீரை முழுதாக மறிப்பதில்லை, அதனால் உடைத்துக்கொண்டு ஓடுவதும் குறைவு. என் காணிப் பக்கத்தில் குடியேறிய மலைநாட்டு ஐயா ஒருவர், தேயிலைத் தோட்டங்களில் கல்லுக்கட்டு கட்டிப் பழகியவர், முதல் வரிசையை அவர்தான் கைபிடித்துக் காட்டினார். "கல்லை முகம் பார்த்து வை தம்பி" என்பார்.

இப்போது வரம்புக்கு மேற்பக்கம் மண் படிந்து கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது. அங்கே சோளன் தண்டு கட்டைவிரலை விடத் தடிப்பு. வரம்புக்குச் சற்றுக் கீழே மெலிந்துதான் நிற்கிறது, அதை மறைக்க முடியாது. அந்தக் கீழ்ப்பட்டிக்குத்தான் இப்போது சாணமும் குழையும் போடுகிறேன்.

குறைகளும் உண்டு. முதலில் அடுக்கும் வேலை முதுகை ஒடிக்கும். இடுக்கில் புடையன் பாம்பு குடியிருக்கும், தடியால் தட்டாமல் கை வைக்கக்கூடாது. 1978 போன்ற ஒரு புயல் மழையை என் வரம்பு இன்னும் காணவில்லை, அதற்குத் தாங்குமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கல் குறைந்த காணி, வீட்டோடு ஆடு, வயல் வேலை இல்லாத குடும்பம் என்றால் கிளுவையை நடுங்கள். மற்றவர்கள் ஆவணி, புரட்டாசியில் கல்லைப் பொறுக்கத் தொடங்கினால் மழைக்கு முன் மேல் வரிசையையாவது முடித்துவிடலாம். மேலிருந்துதான் தொடங்க வேண்டும்.