யாளி தஞ்சாவூர் ஓவியக் கிட்: பலகைக்கு முழு மதிப்பெண், யாளிக்குப் பாதிதான்

"சிற்பி கண்ணால் பார்க்காமலா இப்படிச் செதுக்கியிருப்பான்?" கோயில் மண்டபங்களில் யாளித் தூணுக்கு முன்னால் நிற்பவர்கள் வழக்கமாகக் கேட்பது இது. யாளி நிஜமாகவே இருந்திருக்க வேண்டும் என்ற அந்த ஆசையை நம்பித்தான் இந்த 12x10 அங்குல கிட்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டு, யாளி நம் காடுகளில் உலவிய விலங்கு என்றே அடித்துச் சொல்கிறது. அப்படி ஒரு விலங்கின் எலும்பு இதுவரை எங்கும் கிடைத்ததில்லை. சீட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பொருளுக்கு வருவோம்.

பலகை அருமை. பிளைவுட்டில் காடாத் துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, சாக்பொடிப் பூச்சை நன்றாகத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே குறை, பின்பக்கம் வெறும் மரம். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். வேலை தொடங்கும் முன் பின்னால் ஒரு கை வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

கோளாறு படத்தாளில்தான். நாயக்கர் காலத் தூண்களில் நிற்கும் யாளி நம்பும்படி இருப்பதற்குக் காரணம், அதன் ஒவ்வொரு உறுப்பும் நிஜ விலங்கினுடையது. தும்பிக்கை யானையுடையதாகவே வளையும், பின்னங்கால் சிங்கத்தினுடையதாகவே மடங்கும். இந்தப் படத்தில் தும்பிக்கை மூக்கு நுனியில் செருகியது போல் தொங்குகிறது. தந்தம் கீழ்த்தாடையிலிருந்து முளைக்கிறது. கார்பன் தாள் வைப்பதற்கு முன்பே பென்சிலால் திருத்துங்கள். தும்பிக்கை இரு கண்களுக்கும் நடுவிலிருந்து இறங்க வேண்டும், தந்தம் அதன் இருபுறமும் மேல்தாடையில். தும்பிக்கையின் மடிப்புக் கோடுகள் வளைவின் உள்பக்கம் நெருக்கமாகவும் வெளிப்பக்கம் விலகியும் வரட்டும். இந்த மூன்றைச் சரிசெய்தாலே பாதி யாளி வந்துவிடும்.

கண்ணுக்குச் சிவப்புக் கல் ஒட்டச் சொல்கிறார்கள். வேண்டாம். கல் மின்னும், பார்வை இருக்காது. விழியைச் சற்றுப் புடைப்பாக எழுப்பி வெள்ளை பூசி, ஓரங்களில் மெல்லிய சிவப்பு ஓட்டி, கருமணியை மேலிமையைத் தொட்டபடி வையுங்கள். கல்லைக் கழுத்து மாலைக்குப் பயன்படுத்தலாம்.

மக்கு வேலைக்கு, அதாவது சாக்பொடியும் கோந்தும் பிசைந்து புடைப்பு எழுப்புவதற்கு, கொடுத்திருக்கும் கோந்து நீர்த்துப்போனது. அதைக் கொண்டு பிசைந்தால் காய்ந்தபின் விரல் பட்டாலே பொடி உதிரும். கருவேலங்கோந்து ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு விட்டு இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சலித்த சாக்பொடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தோசை மாவைவிடக் கெட்டியாக, தூரிகையிலிருந்து சொட்டாமல் நின்றால் சரி. கோந்து கூடினாலும் ஆபத்துதான்: காயும்போது சுருங்கி வெடிக்கும். பிடரிச் சுருள்களை ஒரே தடவையில் உயர்த்தாமல் மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, ஒவ்வொன்றையும் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு விரிசல் விடும்.

தங்கத்தாள் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே தவிர எத்தனை காரட் என்று இல்லை. இந்த விலைக்கு 22 காரட் கிடைக்காது, பித்தளைத் தாள்தான். செம்பு கலந்தது என்பதால் சில வருடங்களில் கறுக்கும். பழகுவதற்குப் போதும். கூடத்தில் மாட்டப் போகிறீர்கள் என்றால் தாளைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்முறைத் தாளில் வண்ணம் முதலில், தங்கத்தாள் பிறகு என்று வரிசை தருகிறார்கள். இது தலைகீழ். கிட்டில் இருப்பது போஸ்டர் கலர், தண்ணீர் பட்டால் கரையும். தாள் ஒட்டிவிட்டுப் பிதுங்கிய கோந்தை ஈரப்பஞ்சால் துடைக்கும்போது வண்ணமும் கூடவே போகும். கல், மக்கு, தாள், கடைசியில் வண்ணம் என்று போங்கள். சுருள்களின் செங்குத்தான ஓரங்களில் தாள் கிழியத்தான் செய்யும். பெரிய துண்டாக இழுக்காமல் சிறு துண்டுகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறும்படி ஒட்டி, உலர்ந்த பஞ்சால் ஒற்றுங்கள்.

இரண்டாயிரம் ரூபாய்க்குள் இந்தப் பலகை தாராளம். ஏற்கெனவே கிருஷ்ணரோ லட்சுமியோ ஒரு படம் முடித்தவர்கள் வாங்கலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்தப் படத்தாளைத் திருத்துவதே மலைப்பாக இருக்கும். கூடவே வரும் சட்டத்தில் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி இல்லை, புடைப்பு நசுங்கும். சட்டம் போடுபவரிடம் சொல்லி உள்ளே மெல்லிய மரப்பட்டி வைத்துக் கண்ணாடியைத் தள்ளி மாட்டச் சொல்லுங்கள்.