தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு: எதில் அடிப்பது?

தமிழில் தட்டச்சு செய்யும் மூன்று பேரை ஒரே மேசையில் உட்காரவைத்துப் பாருங்கள். ஒருவருடைய கணினியில் மற்றவரால் தன் பெயரைக்கூட அடிக்க முடியாது. ஆங்கிலத்தில் அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. குவெர்ட்டி என்ற விசை வரிசை பிடிக்கிறதோ இல்லையோ, ஏறக்குறைய எல்லோரும் அதில்தான் அடிக்கிறார்கள். நமக்கு அரசு ஏற்ற முறை ஒன்று (தமிழ்99), அரசு வேலைக்குப் படிக்கும் முறை ஒன்று (பழைய தட்டச்சு), ஊரே பயன்படுத்தும் முறை ஒன்று (ஒலிபெயர்ப்பு) என்று ஆகிவிட்டது.

மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. மூன்று முறையிலும் ஆண்டுக்கணக்கில் அடித்திருக்கிறேன். ஆகவே இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பழைய தட்டச்சிலிருந்து தொடங்குகிறேன், நானும் அங்கேதான் தொடங்கினேன். தமிழுக்குத் தட்டச்சுப் பொறி வடிவமைத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வாழ்ந்த இரா. முத்தையா. தமிழின் 247 எழுத்துகளை நாற்பத்து சொச்சம் விசைகளுக்குள் அடக்குவது லேசான வேலை இல்லை. புள்ளி, கொக்கி, சுழி எல்லாவற்றையும் தனித்தனித் துண்டுகளாக்கி, சில விசைகளை அழுத்தினால் உருளை நகராதபடி செய்தார்கள். ‘கொ’ வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கையும் போகும். பயிலகத்தில் முதல் பாடமாக ‘யளனகபக’ அடித்துத் தாள் தாளாகத் தீர்த்தவர்களுக்கு அந்தத் தாளம் சாகும்வரை மறக்காது.

இயந்திரத்துக்கு இது சரியான விடை. கணினிக்கு? கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கணினிக்குக் கிடையாது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொது முறையான ஒருங்குறியில் (யூனிகோடில்) கணினி முதலில் க-வைச் சேமிக்கிறது, அதற்குப் பிறகுதான் ஒகரக் குறியை. திரையில் கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது எழுத்துருவின் வேலை. ஆகவே பழைய தட்டச்சு முறையில் அடிக்கும்போது ஒவ்வொரு கொம்புக்கும் இடையில் இருக்கும் மென்பொருள் வரிசையைத் திருப்பிப்போட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் ஒழுங்காகத்தான் போடும். சொல்லின் நடுவே பின்னால் சென்று ஓர் எழுத்தை அழித்துத் திருத்தும்போதுதான் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும். அந்த இடத்தில் நான் பலமுறை சொல் முழுவதையும் அழித்து மறுபடி அடித்திருக்கிறேன்.

இருந்தும் இந்த முறை உயிரோடு இருப்பதற்குக் காரணம் பழக்கம் மட்டும் இல்லை, வேலைவாய்ப்பு. தமிழ்நாடு அரசின் தொகுதி 4 (குரூப் 4) தேர்வில் தட்டச்சர் பணிக்குப் போக, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சில் தேறிய சான்றிதழ் வேண்டும். தமிழ்99 ஏற்கப்பட்டு இருபது ஆண்டுகள் கழிந்த பிறகும் பிள்ளைகள் பயிலகங்களில் இரும்பு இயந்திரத்தின் முன்னால்தான் உட்கார்ந்து தேர்வுக்குத் தயாரானார்கள். அந்த இயந்திரங்களைக் கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த கோத்ரெஜ் நிறுவனமே அந்தத் தயாரிப்பை நிறுத்தி ஆண்டுகள் பல ஆகின்றன. உதிரிபாகம் கிடைக்காத பொறியில் விரலைப் பழக்கி, வேலை கிடைத்ததும் கணினி முன்னால் உட்கார்பவர், கைக்குத் தெரிந்த முறையைத்தானே அங்கேயும் தேடுவார்?

அடுத்தது ஒலிபெயர்ப்பு முறை. ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் தமிழில் விழும். இதிலேயே இரண்டு சாதிகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று விதிப்படி நடப்பது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் தரும் அஞ்சல் முறை இந்த வகை, பிறகு வந்த எ-கலப்பையும் என்.எச்.எம். ரைட்டரும் தரும் ஒலியியல் முறையும் இந்த வகைதான். சின்ன ‘எல்’ அடித்தால் ல, பெரிய ‘எல்’ அடித்தால் ள, ‘இசட்’ என்றால் ழ. விதியை ஒருமுறை கற்றுவிட்டால் கணினி உங்களை ஏமாற்றாது. வலைப்பதிவுகள் கொழித்த காலத்தில் தமிழில் எழுத வந்தவர்களில் ஏராளமானோர் இந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள். நானும் பத்தாண்டுகள் அங்கே குடியிருந்தேன்.

மற்றது ஊகத்தில் நடப்பது. கூகுள் பிரபலமாக்கியது இதைத்தான். நீங்கள் தோராயமாக ஆங்கிலத்தில் அடிக்கலாம், அது பட்டியல் போட்டு ‘இதுவா, இதுவா’ என்று கேட்கும். கே, ஏ, எல், ஏ, ஐ என்று ஐந்து எழுத்தை அடித்துப் பாருங்கள். கலை, களை, காலை, காளை நான்குமே அதற்குள் இருக்கின்றன. பட்டியலைப் பார்க்காமல் இடைவெளிப் பட்டையைத் தட்டினால் எது விழும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். அண்ணன் மகள் ஒருமுறை ‘பள்ளியில் களைத் திருவிழா, சித்தப்பா, அவசியம் வாருங்கள்’ என்று செய்தி அனுப்பினாள். மண்வெட்டி எடுத்துவரட்டுமா என்று கேட்டேன். அவளுக்கு ல, ள வேறுபாடு தெரியாமல் இல்லை. கையெழுத்தில் அந்தத் தவறை அவள் செய்ததே கிடையாது. பட்டியலில் முதலில் நின்றதை விரல் தொட்டுவிட்டது, அவ்வளவுதான்.

ஒலிபெயர்ப்பில் அடித்தால் தமிழே கெட்டுவிடும் என்று மேடைதோறும் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஒற்றுப் பிழையின்றிப் பத்தி பத்தியாக எழுதும் சிலர் இன்றைக்கும் அஞ்சல் முறையில்தான் அடிக்கிறார்கள். எனக்கு இருக்கும் குறை வேறு, விரல் சம்பந்தப்பட்டது. ள, ண, ற வரும்போதெல்லாம் மேல்விசையை (ஷிப்ட்) சுண்டுவிரலால் அழுத்த வேண்டும். தமிழில் இந்த மூன்றும் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதை அந்தச் சுண்டுவிரலைக் கேட்டால் சொல்லும். நாளொன்றுக்கு இரண்டாயிரம் சொல் அடிக்கும் ஆளுக்கு அது வலி.

நான் தமிழ்99க்கு மாறிய காரணமும் அந்த வலிதான், மொழிப்பற்று என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசை இருந்தாலும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் அறிஞர்கள் கூடி வடிவமைத்து, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை இது. அமைப்பு எளியது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்வரிசை வலக்கையில். ஆங்கில ‘ஏ’ இருக்கும் இடத்தில் அ, பக்கத்தில் இ, உ. வலக்கை ஓய்வெடுக்கும் வரிசையில் க, ப, ம, த, ந, ய. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 31 எழுத்து தெரிந்தால் 247-உம் கைக்கு வந்துவிடும். ஆய்தத்துக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் மட்டுமே மேல்விசை. மெய்யை ஒரு கையும் உயிரை மறு கையும் அடிப்பதால் இரண்டு கைகளும் மாறி மாறி நடக்கும். உயிர்மெய் என்று இரண்டாம் வகுப்பில் படித்ததை அப்படியே கைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது போலிருக்கும்.

இதன் உண்மையான சாமர்த்தியம் புள்ளியில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ந-வுக்குப் பின் த என்று இன எழுத்துகள் சேரும்போதும் அப்படியே. தமிழில் மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வருவது எவ்வளவு இயல்பு என்று இலக்கணம் சொன்னதை விசைப்பலகை பயன்படுத்திக்கொள்கிறது. ‘பந்து’ தமிழ்99இல் 4 தட்டு, ஒலிபெயர்ப்பில் 6. ‘வாழைப்பழம்’ 9 தட்டு. ழ-வுக்கு இரண்டு ஆங்கில எழுத்து போடும் ஒலிபெயர்ப்பில் 14.

தமிழ்99 அன்பர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். நான் இன்னொரு சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். ‘தொழில்நுட்பம்’. தமிழ்99இல் 13, ஒலிபெயர்ப்பிலும் அதே 13. இனமல்லாத எழுத்துகளுக்கு நடுவே வரும் புள்ளியைத் தனியாகப் போட வேண்டியிருப்பதால் வந்த வினை. ‘சசி’ என்ற பெயரை அடித்தாலும் முதல் முறை ‘ச்சி’ என்றுதான் விழும்; நடுவில் ஓர் அகரம் தட்டிப் பிரிக்க வேண்டும். ‘மனனம்’ செய்வதும் அப்படியே. இவை பெரிய குற்றங்கள் இல்லை. ஆனால் எல்லாச் சொல்லிலும் பாதி தட்டு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழகுவதுதான் கசப்பு. எனக்கு முதல் வாரம் நரகம். நிமிடத்துக்கு ஐந்து சொல்கூட வரவில்லை, ஒப்படைக்க வேண்டிய வேலையோ தலைக்கு மேல். இரண்டாம் வாரம் திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் விசையைப் பார்க்காமலே ஒரு பத்தி முடிந்திருந்தது. மடிக்கணினி வாங்கும்போது விசைகளில் தமிழ் எழுத்து அச்சிட்டு வருவதில்லை என்பதும் ஒரு தடை. ஒட்டும் வில்லைகள் கிடைக்கின்றன. ஒட்டாமல் கற்றால் சீக்கிரம் வரும் என்பது என் அனுபவம்.

நான்காவதாக இன்ஸ்கிரிப்ட் என்று ஒன்று இருக்கிறது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக மத்திய அரசுத் தரப்பில் வந்தது. நாம் ஒரே ககரத்தால் எழுதும் ஒலிகளுக்கு நான்கு தனி எழுத்து வைத்திருக்கும் மொழிகளுக்குப் போட்ட சட்டையைத் தமிழுக்கும் மாட்டியதால் பல விசைகள் சும்மா கிடக்கின்றன. இந்தியில் அடித்துப் பழகியவர் தமிழுக்கும் வந்தால் வசதி. மற்றபடி இதில் அடிக்கும் தமிழரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

அரசியலைத் தொடாமல் இந்தக் கதை முடியாது. விசைப்பலகை வேறு, குறியாக்கம் வேறு என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விரல் எதை அழுத்துகிறது என்பது முன்னது, கணினி எதைச் சேமிக்கிறது என்பது பின்னது. தொண்ணூறுகளில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து கிறுக்கல் நிற்கும். இதைத் தீர்க்க இணையத்தில் கூடிய தமிழர்கள், பெரும்பாலும் வெளிநாடுகளில் இருந்தவர்கள், டிஸ்கி என்ற குறியாக்கத்தை உருவாக்கினார்கள். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று வேறு இரண்டை ஏற்றது. இரு தரப்பும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே ஒருங்குறி வந்து இருவரையும் தாண்டிப் போய்விட்டது. அதிலும் தமிழுக்கு 128 இடங்களே ஒதுக்கினார்கள், உயிர்மெய்களுக்குத் தனி இடம் தரவில்லை என்ற மனக்குறை நீடித்தது. 2010இல் செம்மொழி மாநாட்டை ஒட்டி வந்த ஆணை ஒருங்குறியோடு எல்லா எழுத்துக்கும் இடம் தரும் டேஸ்16ஐயும் சேர்த்து ஏற்றது. இணையம் எதைப் பின்பற்றியது என்பதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த வரியே சொல்லும். அரசு அலுவலகங்களிலோ இன்னும் வெகுகாலம் ஒருங்குறி அல்லாத வானவில் எழுத்துருதான் கோலோச்சியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஐம்பது பக்கக் கோப்பு வந்தது. பழைய எழுத்துருவில் இருந்ததை மாற்றும் மென்பொருள் ஒன்றின் மூலம் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தேன். நடுவிலிருந்த ஆங்கிலச் சொற்களும் எண்களும் சேர்ந்து தமிழ்க் குப்பையாகிவிட்டன. இரண்டு நாள் உட்கார்ந்து களை எடுத்தேன், இம்முறை அசல் பொருளில்.

தமிழ்99 வடிவத்தில் தோற்றதாக நான் நினைக்கவில்லை. ஆணை போட்டவர்கள் அந்த ஆணைப்படி பள்ளியில் சொல்லித்தரவும் இல்லை, அதைக் கொண்டு ஆளெடுக்கவும் இல்லை. இலங்கையில் வேறு தரநிலை, ரெங்கநாதன் முறை. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பலருக்குப் பாமினிப் பழக்கம். மேக், ஐபோன், விண்டோஸ் மூன்றிலும் இன்று தமிழ்99உம் அஞ்சலும் உள்ளேயே வருகின்றன, தனி மென்பொருள் நிறுவத் தேவையில்லை. வாசல் திறந்து கிடக்கிறது, நுழைய ஆளில்லை.

கைப்பேசியில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். இரண்டு கட்டைவிரலால் அடிக்கும்போது இடக்கை, வலக்கை நயத்துக்கு மதிப்புக் குறைவு. சொல் பாதி வருவதற்குள் மீதியைக் கருவி நீட்டிவிடுவதால் தட்டு எண்ணிக்கையும் பெரிதில்லை. அங்கே ஒலிபெயர்ப்பில் அடிப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன், பட்டியலைப் பார்த்துத் தொட்டால் போதும். பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் இப்போது நன்றாகவே வேலை செய்கிறது, பேருந்து இரைச்சல் இல்லாத இடத்தில். ஒற்று எங்கே மிகும் என்பதில் மட்டும் அது என் அண்ணன் மகளைவிட மோசம்.

ஆகவே யாராவது கேட்டால் நான் ஆளைப் பார்த்துத்தான் சொல்கிறேன். தட்டச்சர் வேலைக்குப் போகிறவருக்குப் பழைய தட்டச்சு, வேறு வழியில்லை. வாரத்துக்கு நான்கு வரி எழுதுகிறவருக்கு அஞ்சல் முறை, விதியோடு, ஊகத்தோடு வேண்டாம். தமிழில் எழுதிப் பிழைக்கிறவருக்கும், ஆங்கில விசைப்பலகை இன்னும் கையில் ஏறாத குழந்தைக்கும் தமிழ்99. அண்ணன் மகளுக்குப் போன கோடை விடுமுறையில் கற்றுக்கொடுத்தேன். எனக்கு மூன்று வாரம் பிடித்தது அவளுக்கு ஆறு நாளில் வந்துவிட்டது. இப்போது என் மேசைக்கு வந்து பின்னால் நின்றுகொண்டு, “சித்தப்பா, புள்ளியை ஏன் தேடுகிறீர்கள், அது தானாக விழும்” என்கிறாள்.